எல்லாருக்கும் "பொறுத்துப் போ" என்று சொல்லாதீங்க

 

வழக்கமா நாம இங்க போடுறது அன்னதானச் சாமான் பட்டியல், உபய விவரம், கூட்டுப்பணி அறிவிப்பு இதெல்லாம்தான். இன்னைக்கு வேற ஒரு விஷயம். கொஞ்சம் நீளமா இருக்கும். பசியாறிட்டு, ஒரு கோப்பி கலக்கிக்கிட்டு உட்கார்ந்து படிங்க.

மூணு வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பூசை முடிஞ்சு, பந்தி முடிஞ்சு, பின்னால குழாயடியில் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். நம்ம இளைஞர் குழுவில் ஒரு தம்பி. பேர் வேண்டாம். எப்பவும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கிட்டே பெரிய அண்டாவைத் தேய்க்கிற பிள்ளை. அன்னைக்கு வாயே திறக்கல. என்னப்பா என்று கேட்டதுக்கு, "அங்கிள், திங்கட்கிழமை லெட்டர் போட்டுடப் போறேன்" என்றான்.

வேலை பிறை பக்கம் ஒரு தொழிற்சாலையில். டெக்னீஷியன். சேர்ந்து ஒண்ணரை வருஷம் ஆகுது. சம்பளம் பரவாயில்ல, ஓ.டி. இருக்கு. பிரச்சினை ஒரே ஒரு ஆள், அவனுக்கு மேல இருக்கிற சீனியர். ஷிப்ட் மாறும்போது மெஷினில் என்ன கோளாறு என்று சொல்லாமலே போயிடுறாராம். காலையில் லைன் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "இவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறாராம். இவன் தப்பு செஞ்சா அதைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப் குரூப்பில் போடுறாராம். ராத்திரி தூக்கம் வரல, காலையில் மோட்டார் ஸ்டார்ட் பண்ணும்போதே வயிறு கலக்குது என்று சொன்னான்.

அந்த இடத்தில் நாங்க பெரியவங்க நாலு பேர் இருந்தோம். மூணு பேர் ஒரே பதில். "பொறுத்துப் போ தம்பி. எல்லாம் சாமி பார்த்துக்குவார். எங்க போனாலும் இப்படி ஒரு ஆள் இருப்பான்."

நாலாவது ஆள் நாம. நம்ம வாயிலும் அதே வார்த்தைதான் வந்துச்சு. பாதியில் நிறுத்திட்டோம். ஏன் நிறுத்தினோம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நமக்குப் படிப்பு எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனா தொழிற்சாலையில் ஆப்பரேட்டரா நுழைஞ்சு, லைன் லீடர் ஆகி, சூப்பர்வைசர் ஆகி, இருபத்தெட்டு வருஷம் ஓடிடுச்சு. மெஷினோடு பட்ட பாட்டைவிட மனுஷங்களோடு பட்ட பாடுதான் அதிகம். அதில் நாங்க செஞ்ச தப்பும் உண்டு. ஒண்ணை முதல்ல சொல்லிடுறோம்.

பதினஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கும். எங்க லைனில் ஒரு தங்கச்சி வேலை செஞ்சாங்க. கை சுத்தம். ஒரு நாளைக்கு அவங்க டேபிளில் இருந்து திரும்பி வர்ற பீஸ் ஒண்ணு இரண்டுக்கு மேல இருக்காது. அங்க ஒரு லைன் லீடர். வேலை தெரிஞ்ச ஆள், டார்கெட் அடிக்கிற ஆள், மேனேஜருக்குப் பிடிச்ச ஆள். அவன் அந்தத் தங்கச்சியோட உடம்பைப் பத்தி, உடுப்பைப் பத்தி அசிங்கமாப் பேசுவான். சுத்தி நிக்கிறவங்க சிரிப்பாங்க. அவங்க ஒரு நாள் எங்ககிட்ட வந்து அழுதாங்க. நாங்க என்ன சொன்னோம் தெரியுமா? "அவன் வாய் அப்படித்தான் தங்கச்சி. மனசில் ஒண்ணும் இல்ல. பொறுத்துக்கோ, காதில் போட்டுக்காதே." நல்ல புத்தி சொன்னதா நினைச்சுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டோம்.

இரண்டு மாசத்தில் அவங்க வேலையை விட்டுட்டாங்க. பல வருஷம் கழிச்சு ஒரு தைப்பூசத்தில், தண்ணீர் பந்தலில் மோர் ஊத்திக்கிட்டு இருந்தப்போ எதிரில் வந்து நின்னாங்க. பிள்ளைங்களோட வந்திருந்தாங்க. நலம் விசாரிச்சோம். போகும்போது ஒண்ணு சொன்னாங்க. "அண்ணே, அவன் பேசினதைக்கூட மறந்துட்டேன். நீங்க பொறுத்துக்கோன்னு சொன்னதுதான் மறக்க முடியல." கோபமாச் சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி நமக்குச் சோறு இறங்கல.

அந்தத் தம்பிகிட்ட பாதியில் வாயை மூடினதுக்குக் காரணம் இதுதான்.

இந்தப் "பொறுத்துப் போ" நமக்கு எங்கிருந்து வந்துச்சு என்று யோசிச்சுப் பார்த்தோம். நம்மில் நிறைய பேருடைய அப்பா அம்மா தோட்டத்தில் இருந்தவங்க. அங்க மண்டோர் திட்டினாலும், கிராணி கணக்கைக் குறைச்சாலும், பொறுத்துத்தான் போகணும். ஏன்? வேலை போனா லயத்து வீடும் போகும். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளைங்க படிக்கிற தமிழ்ப்பள்ளியும் தோட்டத்துக்குள்ளேயே. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினா மொத்தக் குடும்பமும் மூட்டை முடிச்சோடு ரோட்டுக்கு வரணும். அந்தப் பொறுமை அவங்க விரும்பி எடுத்துக்கிட்ட குணம் இல்ல. வேற வழி இல்லாததால வந்த குணம். அதைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்ல, அந்தப் பொறுமையில்தான் நாம வளர்ந்தோம். ஆனா இன்னைக்கு நம்ம பிள்ளைங்களுக்கு வேற வழி இருக்கு. வழி இருக்கிற பிள்ளைக்கு, வழி இல்லாத காலத்துப் புத்தியை அப்படியே கொடுக்கலாமா?

அப்போ பொறுமையே வேண்டாமா என்று கேப்பீங்க. வேணும். ஆனா யாரிடம் என்று பார்த்துப் பொறுக்கணும். "கஷ்டமான ஆள்" என்று நாம ஒரே பேர் வைக்கிறோமே, அந்தப் பேருக்குள்ள மூணு விதமான ஆள் இருக்காங்க. மூணு பேருக்கும் மருந்து வேற வேற. மாத்திக் கொடுத்தா நோய் கூடும்.

முதல் ஆள், தனக்கே ஏதோ கஷ்டம் இருக்கிறவர்

எங்க பிரஸ் செக்ஷனில் ஒரு அண்ணன் இருந்தார். தகடு வெட்டுற மெஷின். பிள்ளைங்க அவருக்கு வச்ச பேர் "வெடி". பேசினா கத்துவார். கூப்பிட்டா திரும்ப மாட்டார். சொன்ன வேலையை வேற மாதிரி செஞ்சுட்டு, "நீ அப்படித்தான் சொன்னே" என்று சண்டைக்கு வருவார். முக்கியமா பெண் பிள்ளைங்க சொன்னா கேக்கவே மாட்டார். திமிர் என்று எல்லாரும் முடிவு கட்டிட்டோம். எச்சரிக்கைக் கடிதம்கூடக் கொடுத்தாச்சு.

அப்புறம் கம்பெனியில் காது பரிசோதனை நடந்துச்சு. அவருக்கு இரண்டு காதும் நல்லா அடிபட்டிருந்துச்சு. இரைச்சலில் வேலை செய்றவங்களுக்கு முதல்ல போறது கீச்சென்ற உயர்ந்த சத்தம்தானாம். அதனாலதான் பெண்கள் குரல் அவருக்குச் சரியாக் கேக்கல. தன் குரலே தனக்குச் சரியாக் கேக்காததால கத்தியிருக்கார். வேலை போயிடுமோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லல. வீட்டில்கூடச் சொல்லலியாம்.

நாங்க அவருக்குக் கடிதம் கொடுத்தோமே தவிர, "அண்ணே, நான் சொல்றது கேக்குதா?" என்று ஒரு தடவை கேக்கல. அதுக்கப்புறம் எதிரில் நின்னு, முகத்தைப் பார்த்து, நிதானமாப் பேசினோம். வேலையைப் போர்டில் எழுதிக் காட்டினோம். சண்டை பாதிக்கு மேல குறைஞ்சுடுச்சு. மீதி பாதி அவர் குணம், அதை நாங்க பொறுத்துக்கிட்டோம். இந்த இடத்தில்தான் பொறுமை சரியான மருந்து.

தெரியாதவங்களுக்கு ஒரு தகவல். 2019-ல் வந்த இரைச்சல் விதிமுறைப்படி, ஒரு நாள் வேலைக்கு வரம்பு 85 டெசிபல். அதுக்கு மேல போற இடத்தில் முதலாளி காதுக்குப் பாதுகாப்புக் கொடுக்கணும், காது பரிசோதனையும் செய்யணும். உங்க வீட்டில் யாராவது பிரஸ், கிரைண்டிங், கம்ப்ரெசர் பக்கம் வேலை செஞ்சா, டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போறாங்களா என்று கவனிங்க.

காது மட்டும் இல்ல. இனிப்புநீர் ஏறின ஆள், வீட்டில் படுத்த படுக்கையா அம்மா இருக்கிற ஆள், ஆலோங்கிடம் கடன் வாங்கிட்டு மாட்டிக்கிட்ட ஆள், மூணு மாசமா நைட் ஷிப்டில் ஓடுற ஆள், இவங்க எல்லாரும் மெஷின் பக்கத்தில் நின்னா "கஷ்டமான ஆள்" மாதிரிதான் தெரிவாங்க. ஒரு ஆள் திடீர்னு மாறினா, முதல்ல கேக்க வேண்டிய கேள்வி "உனக்கு என்ன திமிரு" இல்ல. "என்னப்பா ஆச்சு, வீட்டில் எல்லாம் நலமா" என்பதுதான்.

இரண்டாவது ஆள், யாரும் எடுத்துச் சொல்லாதவர்

இவங்கதான் அதிகம். இதுக்கு உதாரணம் தொழிற்சாலையில் தேட வேண்டாம். நம்ம ஆலயச் சமையல் கட்டிலேயே இருக்கு. சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டு, அவங்க சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுறோம்.

அந்த அக்கா விடியக்காலை மூணு மணிக்கு வந்து அடுப்பு மூட்டுறவங்க. கைப்பக்குவம் உங்க எல்லாருக்கும் தெரியும், அந்தச் சாம்பாருக்கே வர்றவங்க உண்டு. ஆனா உதவிக்கு வர்ற பெண் பிள்ளைங்களை, கேரட் தடிப்பா வெட்டிட்டாங்க, தேங்காய் கருப்பாத் துருவிட்டாங்க என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கு என்று வாங்குவாங்க. மூணு பிள்ளைங்க வர்றதையே நிறுத்திட்டாங்க. நாங்க என்ன செஞ்சோம்? இரண்டு வருஷம் அவங்க முதுகுக்குப் பின்னால பேசினோம். செருப்பு வைக்கிற இடத்தில் பேசினோம். கார் பார்க்கில் பேசினோம். அவங்க இல்லாத ஒரு சின்ன வாட்ஸ்அப் குரூப்பே இருந்துச்சு. அவங்ககிட்ட மட்டும் யாரும் பேசல.

கடைசியில் வயசில் மூத்த இன்னொரு அக்காதான் தைரியமாச் செஞ்சாங்க. கூட்டம் கூட்டல. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், இரண்டு பேரும் உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கும்போது, மெதுவா, "அன்னைக்கு அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாலும் சத்தம் போட்டியே, அது அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போச்சு, தெரியுமா?" என்று கேட்டிருக்காங்க. அவங்க திகைச்சுப் போய், "யாரும் எங்கிட்ட சொல்லலியே" என்றாங்களாம்.

இரண்டு வாரம் அவங்க வரல. எங்களுக்குப் பயமாப் போச்சு. மூணாவது வாரம் வந்தாங்க. அவங்க பக்கத்து நியாயத்தையும் சொன்னாங்க. "இருநூறு பேருக்குன்னு சொல்றீங்க, வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு முந்நூத்தம்பதுன்னு மாத்துறீங்க. அரிசி ஊற வைக்க நேரம் இல்ல. நான் யார் மேல கத்துறது?" உண்மைதானே! நிர்வாகத்தில் பேசி, புதன்கிழமைக்குள்ள ஆள் கணக்கு சொல்லியாகணும் என்று முடிவாச்சு. இப்பவும் அக்கா குரல் உசரும். ஆனா பாதியில் அவங்களே நிறுத்திக்கிறாங்க. நின்னுபோன மூணு பிள்ளைங்களில் ஒண்ணு திரும்பி வந்திருக்கு. மத்த இரண்டு பேர் வரல. இரண்டு வருஷம் நாங்க சும்மா இருந்ததுக்கு அது விலை.

எடுத்துச் சொல்றதுக்கும் ஒரு முறை இருக்கு. தொழிற்சாலையில் அடிபட்டு அடிபட்டு நாங்க கத்துக்கிட்டது இவ்வளவுதான்.

தனியாச் சொல்லுங்க. நாலு பேர் முன்னால சொன்னா, அவர் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டார், அந்த நாலு பேருக்குத்தான் பதில் சொல்லுவார்.

சீக்கிரம் சொல்லுங்க. ஆனா கோபம் கொதிக்கும்போது வேண்டாம். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து சொல்லுங்க. ஆறு மாசம் சேர்த்து வச்சுச் சொன்னா அது பேச்சு இல்ல, குற்றப்பத்திரிகை.

ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று சொன்னா அது ஆளை அடிக்கிறது. நடந்ததைச் சொல்லுங்க. அந்தத் தம்பிக்கு நாங்க சொல்லிக் கொடுத்தது இப்படி: "அண்ணே, ஒரு நிமிஷம் பேசலாமா? செவ்வாய்க்கிழமை மூணாம் நம்பர் மெஷினில் சென்சார் பிரச்சினைன்னு லாக் புக்கில் எழுதல. எனக்குத் தெரியாம நாற்பது நிமிஷம் லைன் நின்னுடுச்சு. இனிமே இரண்டு வரி எழுதிட்டுப் போனீங்கன்னா எனக்கு உதவியா இருக்கும்." இதில் அவரைத் திட்டுற சொல் ஒண்ணும் இல்ல. ஆனா மறுக்கவும் முடியாது.

கடைசியா, வாட்ஸ்அப்பில் சொல்லாதீங்க. எழுத்துக்குக் குரல் கிடையாது. நாம சாந்தமா எழுதினது அங்க போய் சண்டையா நிக்கும். ஆலயக் குரூப்பில் நடந்த பாதி மனஸ்தாபம் ராத்திரி பதினோரு மணிக்குப் போட்ட மெசேஜில் ஆரம்பிச்சதுதான். உங்களுக்கே தெரியும்.

மூணாவது ஆள், தெரிஞ்சே செய்றவர்

இவருக்குக் கஷ்டமும் இல்ல, அறியாமையும் இல்ல. பலமுறை சொன்ன பிறகும் செய்வார். பெரியவங்க முன்னால நல்லவர், சின்னவங்க முன்னால வேற ஆள். அந்தத் தங்கச்சிக்கு வாய்ச்ச லைன் லீடர் இந்த ரகம். இந்த ஆளிடம் பொறுமை காட்டினா, அது அவருக்கு நாம கொடுக்கிற பெர்மிட்.

இங்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தாங்க. அழுகை, சாபம் எல்லாம் அதில் வேண்டாம். மெசேஜ் வந்தா அழிக்காதீங்க. அப்புறம் சூப்பர்வைசரிடம் போங்க, அவரே அந்த ஆள்னா ஹெச்.ஆர். போங்க, யூனியன் இருந்தா யூனியனுக்குப் போங்க. வாயால சொல்லிட்டு வராதீங்க, எழுதிக் கொடுத்து ஒரு பிரதி வச்சுக்கோங்க. இருபத்தெட்டு வருஷத்தில் நாங்க பார்த்தது இது: வாயால சொன்ன புகார் காத்தோட போயிடும், எழுதின புகாருக்கு யாராவது பதில் சொல்லியாகணும்.

சட்டமும் இப்போ முன்ன மாதிரி இல்ல. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் பாலியல் தொல்லைக்கென்று ஒரு தனிப் பகுதி 2012-ல்தான் வந்துச்சு. புகார் வந்தா முதலாளி விசாரிக்கணும். விசாரிக்க மறுத்தா, 30 நாளைக்குள்ள காரணத்தை எழுத்தில் சொல்லணும். அது சரியில்லன்னா தொழிலாளர் இலாகா, அதாவது ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்குப் போகலாம். 2023 ஜனவரி 1 முதல், பாலியல் தொல்லை பத்தின அறிவிப்பை வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படுற மாதிரி ஒட்டி வைக்கணும். உங்க தொழிற்சாலையில் அது இருக்கா என்று நாளைக்குப் பாருங்க. 2022-ல் பாலியல் தொல்லைக்கு எதிரா தனிச் சட்டமே வந்து, அதுக்கென்று ஒரு தீர்ப்பாயமும் அமைச்சிருக்காங்க. 2025-ல் குற்றவியல் சட்டத்தில் பகடிவதைக்கென்று புதுப் பிரிவுகள் சேர்த்தாங்க. பகடிவதை பள்ளிக்கூடத்தில் மட்டும் நடக்கிற விஷயம் இல்ல.

அந்தத் தங்கச்சி அழுதுக்கிட்டு வந்த காலத்தில் இதில் பலது இல்ல. ஆனா அது எங்களுக்குச் சாக்கு ஆகாது. சட்டம் இல்லாட்டியும் நாங்க அவனைக் கூப்பிட்டு, "இனிமே அப்படிப் பேசினா மேல எழுதுவோம்" என்று சொல்லியிருக்கலாம். எங்களுக்கு அந்த அதிகாரம் இருந்துச்சு. அவன் டார்கெட் அடிக்கிற ஆள், அதனால வாயை மூடிக்கிட்டோம். எங்க கோழைத்தனத்துக்குப் பொறுமை என்று பேர் வச்சு அவங்க தலையில் கட்டிட்டோம்.

கோபத்தில் லெட்டர் போடப் போறவங்களுக்கு இரண்டு வார்த்தை. நோட்டீஸ் இல்லாம நின்னா அதுக்கு உண்டான சம்பளத்தை நீங்கதான் கம்பெனிக்குக் கட்டணும். ஒப்பந்தத்தில் ஒண்ணும் போடலன்னா, இரண்டு வருஷத்துக்குக் குறைஞ்ச சர்வீசுக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்துக்குள்ள 6 வாரம், ஐந்தும் அதுக்கு மேலயும் 8 வாரம். முதல்ல உங்க ஆபர் லெட்டரை எடுத்துப் படிங்க. அதே மாதிரி, நியாயம் இல்லாம வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னா, 60 நாளைக்குள்ள தொழிலியல் உறவு இலாகாவில் புகார் கொடுக்கணும். அறுபத்தொண்ணாவது நாள் போய் நின்னா ஒண்ணும் செய்ய முடியாது. நமக்குத் தெரிஞ்சே இரண்டு பேர் கோவில் கோவிலா நேர்ந்துக்கிட்டு அந்த நாளைத் தவற விட்டிருக்காங்க. சாமி கும்பிடுங்க, ஆனா போற வழியில் இலாகாவுக்கும் போங்க.

இன்னொரு ஆளும் இருக்கார்

மூணு ரகம் என்று எண்ணிச் சொல்லிட்டோம். நாலாவது ரகம் ஒண்ணு இருக்கு, அது நாம.

போன தைப்பூசத்துக்குத் தண்ணீர் பந்தல் பட்டியல் போடும்போது ஒண்ணு கவனிச்சோம். நாம எந்த நேரத்தில் பேர் எழுதினோமோ, அந்த நேரத்தில் இளைஞர் யாரும் எழுதல. ராத்திரி இரண்டு மணிக்குக்கூட ஆள் இருக்கு, நாம இருக்கிற சாயங்காலம் ஆள் இல்ல. ஒரு பிள்ளையைத் தனியாக் கேட்டோம். ரொம்ப நேரம் தயங்கிட்டு, "அங்கிள், நீங்க கேள்வி கேட்டா கேள்வி மாதிரி இருக்காது, விசாரணை மாதிரி இருக்கும்" என்றான்.

இருபத்தெட்டு வருஷம் மத்தவங்களைக் "கஷ்டமான ஆள்" என்று பேர் வச்சவங்களுக்கு, அன்னைக்குத்தான் தங்களுக்கும் ஒரு பேர் இருக்குன்னு தெரிஞ்சுச்சு. என்ன பேர் என்று அவன் சொல்லல, நாமளும் கேக்கல. ஆனா சொன்னானே, அந்தப் பிள்ளைக்கு நன்றி. தனியா, மரியாதையா, ஒரே விஷயம்தான் சொன்னான். நாம மேல எழுதின முறை எல்லாம் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிஞ்சிருக்கு.

ஆலயத்தில் இது ரொம்ப முக்கியம். தொழிற்சாலையில் சம்பளம் இருக்கு, பிடிக்காட்டியும் மறுநாள் வருவாங்க. இங்க சம்பளம் இல்ல. மனசு கசந்தா லெட்டர் போட மாட்டாங்க, சொல்லாமலே நின்னுடுவாங்க. "இப்போ உள்ள பிள்ளைங்களுக்குப் பக்தி இல்ல" என்று நாம சொல்லிக்கிட்டு இருப்போம். பக்தி போகல. நாம விரட்டிட்டோம்.

இனி அந்தத் தம்பி கதை.

அன்னைக்கு அவன்கிட்ட "பொறுத்துப் போ" என்றும் சொல்லல, "விட்டுட்டு வா" என்றும் சொல்லல. "அந்தச் சீனியர் மூணில் எந்த ரகம் என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டோம். தெரியாது என்றான். "அப்போ லெட்டரை ஒரு மாசம் வீட்டில் வை. முதல்ல ஒரு தடவை தனியாப் பேசு. கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வச்சுக்கோ" என்றோம்.

அடுத்த புதன்கிழமை கேன்டீனில் பேசியிருக்கான். சீனியர் முதல்ல முறைச்சாராம். அப்புறம், "நான் வந்தப்போ எனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?" என்றாராம். ஆனா அன்னையிலிருந்து லாக் புக்கில் எழுதுறார். குரூப்பில் படம் போடுறதும் நின்னுடுச்சு. காலைக் கூட்டத்தில் குத்திப் பேசுறது மட்டும் இன்னும் நிக்கல. நோட்டில் நாலு தேதி ஏறியிருக்கு. இந்த வாரம் அந்த நோட்டை எடுத்துக்கிட்டுத் தன் சூப்பர்வைசரைப் பார்க்கப் போறான். என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது. லெட்டர் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கு. கடைசியில் அவன் அதைப் போட்டாலும் போடட்டும். பயந்து ஓடினதா இருக்காது, யோசிச்சு எடுத்த முடிவா இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை அண்டா தேய்க்கும்போது மறுபடியும் பாட்டு கேட்டுச்சு. சுருதி வழக்கம் போலத்தான்.

ஆலயத்துக்கு வர்ற பெரியவங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு பிள்ளையோ, ஒரு பெண்ணோ, வேலையிடத்துக் கஷ்டத்தைச் சொல்லி உங்க பக்கத்தில் வந்து உட்கார்ந்தா, உடனே புத்தி சொல்லாதீங்க. என்ன நடந்துச்சு, எத்தனை தடவை நடந்துச்சு, நேரில் சொல்லிப் பார்த்தியா என்று இந்த மூணையும் கேளுங்க. பதில் முழுசா வந்த பிறகு, பொறுக்கச் சொல்லணுமா, பேசச் சொல்லணுமா, எழுதச் சொல்லணுமா என்று பாருங்க. அவங்க நம்மை நம்பித்தான் வந்து உட்கார்றாங்க.

வேலையிடத்தில் இந்த மாதிரி பிரச்சினை இருக்கிறவங்க வெள்ளிக்கிழமை பந்தி முடிஞ்ச பிறகு குழாயடி பக்கம் வாங்க. நாங்க அங்கதான் இருப்போம். கையில் பிரஷ் ஒண்ணு கொடுப்போம், தேய்ச்சுக்கிட்டே பேசலாம். இந்த வாரம் விசாரணை மாதிரி கேக்க மாட்டோம் என்று உறுதி சொல்றோம்.

அப்புறம், இந்த வார அன்னதானத்துக்கு ஆள் கணக்கு புதன்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. அக்கா கேக்கச் சொன்னாங்க.

வேலும் மயிலும் துணை.